சீரியத்தில் போன மார்க்

அந்தக் கேள்விக்கு நான் தெரிந்தேதான் தப்பான விடையைக் குறித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் குறித்திருந்தால் இவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்காது.

சீரியம் என்கிற தனிமத்தின் எலக்ட்ரான் அமைப்பு எது என்று கேட்டிருந்தார்கள். அணு எண் ஐம்பத்தெட்டு. ஐம்பத்து நான்கு எலக்ட்ரான் செனானோடு போய்விடும். மிச்சம் நான்கு பேரை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் சங்கதி. 4f¹ 5d¹ 6s² என்பது சரி. 4f² 6s² என்பது தப்பு, ஆனால் பழைய புத்தகங்கள் சிலவற்றில் அப்படித்தான் போட்டிருக்கும். சரியானது ஆ, தப்பானது இ. அறுபத்து மூன்றாம் எண்ணுக்கு எதிரே இ வட்டத்தைக் கறுப்புப் பேனாவால் நிதானமாக, விளிம்பு தாண்டாமல் நிரப்பினேன்.

பைத்தியமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். என் வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார்.

என் பெயர் ராணியம்மாள். வயது நாற்பத்து மூன்று. கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோரு வருடமாக வேதியியல் எடுக்கிறேன். நிரந்தர வேலை இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த தற்காலிக ஆள். ஜூனில் கூப்பிடுவார்கள், ஏப்ரலில் நிறுத்துவார்கள். மறுபடி ஜூனில் தலைமை ஆசிரியர் போன் செய்வாரா என்று மே மாதம் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அரசு ஆசிரியர் தேர்வு எழுதித் தேறிய ஒருவர் நிரந்தரமாக வந்துவிட்டால் அந்தப் போன் வராது. இந்தத் தடவை வந்த காலியிடப் பட்டியலில் எங்கள் பள்ளியும் இருந்தது. ஆக, நான் தேற வேண்டும். தேறாவிட்டால் வேறு யாரோ வந்து என் நாற்காலியில் உட்காருவார்கள், நான் கச்சிராயபாளையத்தில் கரும்புக்குத் தோகை உரிக்கப் போக வேண்டியதுதான்.

அதற்கு முன்னால் மூன்று தடவை எழுதியிருந்தேன். முதல் தடவை நியோபியம் கேட்டார்கள். 4d⁴ 5s¹ என்று சரியாகக் குறித்தேன். விடைக்குறிப்பில் 4d³ 5s² என்று வந்தது. மூன்று புத்தகத்திலிருந்து பக்கத்தை நகல் எடுத்து, ஆட்சேபனை எழுதிப் போட்டேன். பதில் இல்லை. ஒரே மார்க்கில் வேலை போனது. இரண்டாம் தடவை பல்லேடியம். ஐந்தாவது கூட்டில் ஒருத்தரும் இல்லாமல் பத்தும் 4d-யில் போய் உட்கார்ந்திருக்கும் அந்த விசித்திரப் பிறவியை எனக்குத் தெரியாதா? சரியாகக் குறித்தேன். அவர்கள் குறிப்பில் 4d⁸ 5s². மறுபடி ஆட்சேபனை, மறுபடி மூன்று புத்தகம், மறுபடி பதில் இல்லை. மூன்றாம் தடவை காய்ச்சலோடு போனேன், அதைப் பேசிப் பயனில்லை.

நான்காம் தடவை சீரியத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது. கேள்வி எடுக்கிற புண்ணியவான் எந்தப் பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு எடுத்திருப்பான் என்று யோசித்தேன். என்னிடம் இருக்கிற நீல அட்டைப் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது. அதில் 4f² தான். சரி, உனக்கு அதுதான் வேண்டுமென்றால் எடுத்துக்கொள் அப்பா என்று இ-யை நிரப்பினேன். பதினைந்து வருடம் படித்துக் கடைசியில் வேதியியலை விட்டுவிட்டு, கேள்வி எடுக்கிறவன் மண்டைக்குள் புகுந்து விடை எழுதுகிற நிலைமைக்கு வந்திருந்தேன்.

கள்ளக்குறிச்சியில் தேர்வு மையத்துக்கு வெளியே வேடியப்பன் எனக்காகக் காத்திருந்தான். அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் நைனார்பாளையம், வயது முப்பத்தொன்று. அம்மாவும் அப்பாவும் இன்றைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகிறவர்கள். இவன் வேதியியல் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, என்னைப் போலவே மலையில் இன்னொரு பள்ளியில் தற்காலிக வாத்தியார். கச்சிராயபாளையத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். ஏழு வருடமாகக் காலை ஏழு பத்து பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட். கோமுகி அணை தாண்டி வளைவு ஆரம்பித்ததும் எனக்குக் குமட்டும். அதை மறக்கத்தான் முதலில் படிப்பை ஆரம்பித்தோம். கல்வி உளவியல் அவன் எனக்குச் சொல்லுவான். கனிம வேதியியல் நான் அவனுக்கு.

லாந்தனைடு வரிசை அவனுக்கு மண்டையில் ஏறவே ஏறாது. ஒருநாள் பஸ்ஸிலேயே கத்திவிட்டேன்.

"இதுல இன்னாடா கஷ்டம்? சீரியத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேரு. ஒரே வூட்ல ஒத்துப் போவல. ஒருத்தன் f-ல இருக்கான், ஒருத்தன் d-ல தனிக்குடித்தனம் போயிட்டான். அடுத்தது பிரசியோடிமியம். அதுல மறுபடியும் கூட்டுக்குடும்பம், மூணு பேரும் f-லதான்."

"அப்ப கடோலினியம் க்கா?"

"அங்க ஏழு ரூமும் ஆளு நெரம்பிப் போச்சு. எட்டாவது ஆளு தனிக்குடித்தனம்."

முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் திரும்பி, "எந்த வூட்டு சமாச்சாரம்மா இது?" என்று கேட்டாள். இருவரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவனுக்கு அது மறக்கவே இல்லை.

அதனால்தான் மையத்துக்கு வெளியே அவன் முதலில் கேட்டதே அது.

"சீரியம் தனிக்குடித்தனம்தான க்கா? கேள்வியப் பாத்ததும் சிரிப்பு வந்துருச்சு."

"ம்," என்றேன். வேறென்ன சொல்ல?

ஒரு மாதம் கழித்துத் தற்காலிக விடைக்குறிப்பு வந்தது. அறுபத்து மூன்று: ஆ. இந்தத் தடவை கேள்வி எடுத்தவன் ஒழுங்காகப் படித்தவன். பாராட்ட வேண்டிய ஆள். நான் தலையில் கைவைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டிப் பார்த்தால் எனக்கு நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்றாறு. வேடியப்பனுக்குத் தொண்ணூற்றேழு. இட ஒதுக்கீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பிரிவு, ஒரே வரிசை. எழுதினவர்கள் எல்லாரும் தங்கள் மார்க்கைப் போட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் தயாரித்திருந்தார்கள். எங்கள் வரிசையில் தொண்ணூற்றேழோடு இடம் முடிந்தது. அந்தத் தொண்ணூற்றேழில் ஒரே ஒரு ஆள், வேடியப்பன். அவனுக்கு அடுத்த ஆள் நான்.

வீட்டுக்காரர் செல்லமுத்து ஆலைக்குக் கரும்பு ஏற்றிவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"தெரிஞ்ச வெடையா?"

"தெரிஞ்ச வெடைதாங்க."

"தெரிஞ்சே தப்பா போட்டியா? உனக்கு இன்னா பைத்தியமா?"

நியோபியம், பல்லேடியம் எல்லாம் சொல்லி விளக்கினேன். பாவம், பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "போன தடவையெல்லாம் கரெக்டா போட்ட, அவன் தப்பாப் போட்டான். இந்தத் தடவ அவன் கரெக்டாப் போட்டான், நீ தப்பா போட்ட. வுடு, உனக்கும் அவனுக்கும் ஜாதகம் ஒத்து வரல," என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சோறு போட்டேன்.

விடைக்குறிப்பின்மேல் ஆட்சேபனை சொல்ல ஐந்து நாள் கொடுத்திருந்தார்கள். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் வேடியப்பன் வண்டியில் வந்தான். வெயிலில் முகம் கறுத்துப் போயிருந்தது. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தான்.

"க்கா, உங்ககிட்ட நீல அட்ட போட்ட புக்கு ஒண்ணு இருக்குது இல்ல? அதுல சீரியம் f2-னுதான போட்டிருக்கான்?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்ப?"

"அந்தப் பக்கத்த ஸ்கேன் பண்ணி ஆட்சேபன போடுங்க. காலேஜ் புக்கு, அவங்க ஒத்துக்கினுதான் ஆவணும். ரெண்டு வெடையும் சரினு குடுத்துருவாங்க. போன தடவ ஆர்கானிக்ல ஒரு கேள்விக்கு அப்பிடித்தான் குடுத்தாங்க."

"அது தப்பு, வேடி."

"தப்புதான். எனக்குத் தெரியாதா? நீங்கதான சொன்னீங்க. ஆனா புக்குல அச்சு அடிச்சிருக்குதே, நாம இன்னா பண்றது?"

"ரெண்டு தடவ சரியானத சரினு சொல்லி எழுதிப் போட்டன். ஒரு நாயும் சீண்டல. இப்ப தப்பானத சரினு எழுதி, கீழ என் பேரப் போடணுமா? நாளைக்கி ப்ளஸ் டூ பசங்களுக்கு எந்த வாயால இத எடுப்பன்?"

"உங்களுக்கு ஒரு மார்க்கு க்கா. பதினொரு வருஷம். பசங்களுக்கு நீங்க சரியாத்தான் எடுக்கப் போறீங்க."

"வேணாம்னா வுடு."

கேட்பவர்களுக்கு நான் பெரிய சத்தியவதி போலத் தோன்றும். அது முழுக்கப் பொய் இல்லை. அந்தத் தப்பை எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு நிஜமாகவே கை வரவில்லை. ஆனால் இன்னொன்று இருந்தது. அதை அவனிடம் நான் சொல்லவில்லை.

தேர்வு அறிவிப்பு முப்பது பக்கம். வேடியப்பன் அதில் பாடத்திட்டத்தையும் கடைசித் தேதியையும் பார்த்தவன். நான் மூன்று தடவை அடிபட்டவள், ஒரு வரி விடாமல் படித்திருந்தேன். அதில் ஒரு வரி: இருவர் சம மதிப்பெண் பெற்றால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. எனக்குத் தொண்ணூற்றேழு வந்தால் அவனும் நானும் சமம். நான் அவனைவிடப் பன்னிரண்டு வயது பெரியவள். இருக்கிற இடமோ ஒன்று. எனக்குக் கிடைக்கிற அந்த மார்க், அவன் வேலை.

அவன் எதிரே உட்கார்ந்து, "போடுங்க க்கா, போடுங்க க்கா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். தன் கழுத்துக்குத்தான் கயிறு கேட்கிறான் என்று அவனுக்குத் தெரியாது.

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். "டேய், எனக்கு மார்க்கு வந்தா உனக்கு வேல போயிரும்டா" என்றால் முடிந்தது. சொன்னால் அவன் சங்கடப்படுவான், எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டார்களே என்று காலம் முழுக்க என் எதிரே தலை குனிவான், அதெல்லாம் வேண்டாம் என்று அப்போது எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான். கேட்டால் யாரும் நம்புவார்கள்.

எழுந்தவன் உள் அலமாரிக்குப் போனான். என் வீட்டில் அவனுக்கு எல்லாம் பழக்கம். நீல அட்டைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தான்.

"க்கா, இத எடுத்துக்கினு போறன். d பிளாக் கொஞ்சம் பாக்கணும்."

தேர்வு முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. இனி என்ன d பிளாக்? அவன் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். பொய் சொல்ல அவனுக்கு வராது.

"எடுத்துக்கினு போ. அட்ட கிழிஞ்சிருக்குது, பாத்து," என்றேன்.

வண்டி சத்தம் முனை திரும்புகிற வரை வாசலில் நின்றேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அப்புறம் உள்ளே வந்து பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன்.

மறுநாள் பஸ்ஸில் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆட்சேபனைக் கெடு முடிந்தது. ஐந்து மணி வரை அவனிடம் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஐந்தேகாலுக்கு, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்த வாரங்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். காலையில் எழுந்தால் கை கால் அசதியாக இருக்கும். பஸ்ஸில் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வேன். அவன் பாவம், எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுக்கொடுத்தான். தன் ஊரில் அப்பா கூரையைப் பிரித்துத் தகரம் போடப் பார்ப்பதாகவும், வேலை வந்ததும் ஆரம்பிக்கலாம் என்று நிறுத்தி வைத்திருப்பதாகவும் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டே கேட்டேன்.

இறுதி விடைக்குறிப்பும் தேர்வுப் பட்டியலும் ஒரே நாளில் வந்தன. ஒரு வியாழக்கிழமை. அவன் அன்று பள்ளிக்குப் போகாமல் கள்ளக்குறிச்சியில் இருந்தான். எங்கள் பள்ளியில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரே இடத்தில்தான். சாப்பாட்டு மணி அடித்ததும் போய் நின்றேன். நிற்கிறேனோ இல்லையோ, போன் அடித்தது.

"க்கா! உங்க நம்பர் இருக்குது க்கா! நம்ம வரிசையில கடைசி நம்பர் உங்களுது!"

பதினோரு வருடம் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், முதலில் வந்தது சந்தோஷம்தான். உடம்பு முழுக்க வந்தது.

"அறுவத்தி மூணுக்கு ரெண்டு வெடையும் சரினு குடுத்துட்டாங்க. நான் போட்டதுதான் க்கா! என் பேர்லயே போட்டன். உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கனு சொல்லல. திட்டறதுனா இப்பத் திட்டுங்க!" அவன் சிரித்தான். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"உன் நம்பர்?" என்றேன். கேட்டது என் குரல் மாதிரியே இல்லை.

"இன்னும் பாக்கல க்கா. மொதல்ல உங்களுதத்தான் தேடினன். இருங்க, மேல இருந்து பாக்கறன்." விரலால் தள்ளிக்கொண்டே முணுமுணுப்பது கேட்டது. "தொண்ணூத்தி ஒம்போது... தொண்ணூத்தி எட்டு மூணு பேரு... தொண்ணூத்தி ஏழு ஒரே ஆளு, அது நீங்க." மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தான். "நானும் தொண்ணூத்தி ஏழுதான க்கா. ஏதோ விட்டுப் போயிருக்குது போல. வேற பக்கத்துல இருக்கும், மறுபடி பாக்கறன்."

தேடினான். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். இரண்டாம் தடவையும் தேடினான். "கண்ணுல படலியே," என்றான்.

"தேடாத, வேடி," என்றேன். "மார்க்கு ஒண்ணா இருந்தா வயசுல பெரியவங்களுக்குத்தான் குடுப்பாங்க. அறிவிப்புலயே போட்டிருக்குது."

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. யாரோ சின்னசேலம், சின்னசேலம் என்று கூவினார்கள்.

"அது உங்களுக்கு எப்பத் தெரியும் க்கா?"

இப்போதுதான் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவன் நம்புவான். நான் சொல்லுவதை எல்லாம் நம்பித்தானே ஏழு வருடம் படித்தான். வாய் வரைக்கும் வந்தது.

"நீ புக்கு எடுத்துக்கினு போன அன்னிக்கே தெரியும்," என்றேன்.

அவன் போனை வைக்கவில்லை. திட்டுவான், அழுவான், ஏன் சொல்லவில்லை என்று கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அழுதும் இருப்பேன்.

"சரிங்க மேடம்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.